வளைவுக்கு முன்பே வந்த வாந்தி

கொல்லிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த புதிதில் நான் முதலில் தெரிந்துகொண்டது, காலை பஸ் வந்ததும் வாந்தி கேஸ் வரும் என்பது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள், ஊர்க்காரர்கள் சொல்லும் "பெண்டு", குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஓர் ஊசி, கொஞ்ச நேரம் பெஞ்சில் படுக்கை, பிறகு வீடு. அநேகமாக அதுவே சரியாகவும் இருக்கும். சிக்கலும் அதில்தான்.

அன்று காரவள்ளியிலிருந்து ஒரு பெண் தன் நான்கு வயது மகளைத் தூக்கி வந்தார். மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகிறவர். குழந்தையின் கையில், வாந்திக்கு முகர்ந்து பார்க்கக் கொடுத்த எலுமிச்சம்பழம்.

"பெண்டு ஏறுனா இவளுக்கு இப்படித்தானுங்க சிஸ்டர். பஸ்ஸுல பாதிப் பேரு ஜன்னல்லதான் தொங்குனாங்க" என்று சிரித்தார். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு வழக்கமான ஊசியைப் போடச் சொன்னார்.

குழந்தையின் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. பஸ் வாந்தியிலும் வேர்க்கும், கை குளிரும். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு முள் கீறலைப் பாம்புக்கடி என்று பயந்து, ஆம்புலன்ஸில் கீழே அனுப்ப வைத்திருந்தேன். அதிலிருந்து டாக்டர் என்னைப் "பாம்பு சிஸ்டர்" என்றுதான் கூப்பிட்டார். எனக்கும் இதே வயதில் மகன் இருப்பதால் இப்படியெல்லாம் தோன்றுகிறதோ என்று தயங்கினேன். வாந்தி எங்கே ஆரம்பித்தது என்று மட்டும் கேட்டேன்.

"காரவள்ளியில பஸ்ஸுக்கு நிக்கறப்பவேங்க."

காரவள்ளி அடிவாரம். வளைவுகள் அதற்கு மேலேதான். அதைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. காலையில் வேறு ஏதாவது நடந்ததா என்று கேட்டேன்.

"வெறகுகிட்ட வெளையாடிட்டு இருந்தவ, காலைப் புடிச்சுட்டு வீல்னு அழுதா. முள்ளாட்டம் இருக்குதுன்னு தேய்ச்சு உட்டேனுங்க."

டாக்டரைக் கூப்பிட்டேன். காலைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார். "தேளு. ஆம்புலன்ஸ வரச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார். மாத்திரையும் ஆக்ஸிஜனும் கொடுத்துக் கீழே அனுப்பினோம். குழந்தை பிழைத்துக்கொண்டாள்.

புதிதாக வரும் நர்ஸ்களுக்கு ஒன்று சொல்வேன். காரணத்தையும் கையோடு கொண்டு வருகிறவரிடம் காரணத்தைக் கேட்காதீர்கள். எப்போது, எங்கே ஆரம்பித்தது என்று கேளுங்கள்.

எனக்கு அதற்குப் பிறகு எந்த வாந்தியைப் பார்த்தாலும் தேள்தான் நினைவுக்கு வந்தது. அதுவும் அதே தவறுதான். வளைவு இருந்த இடத்தில் தேள் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவே.

போன மாதம் சேலத்திலிருந்து திரும்பும்போது என் மகன் பஸ்ஸில் வாந்தி எடுத்தான். நான் கேட்பதற்குள் இரண்டு கைகளையும் நீட்டினான்.

"சூடாத்தான் இருக்குதும்மா. பெண்டுதான்."

எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தேன். பாதி மலை ஏறிய பிறகு. அவன் செருப்பைக் கழற்றிக் காலைப் பார்க்கக் குனிந்தவள் நிமிர்ந்து, பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தேன்.