மூக்கில் பதினோரு கடைவாய்ப் பல்

என் மாமாவிடம் முப்பத்தொரு விமானங்கள் இருந்தன. ஒன்றிலும் அவர் ஏறியதில்லை. ஏறவும் முடியாது, இருப்பதிலேயே பெரியது என் முழங்கை நீளம்தான். நிஜ விமானத்தின் பக்கம் அவர் போனதே கிடையாது. பல்பு மாற்ற ஏணி வைத்தாலே மூன்றாம் படியில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு “அக்கா” என்பார். என் அம்மா வந்து, “இறங்குடா, மானத்த வாங்காத” என்று பல்பைப் பிடுங்கிக்கொள்வாள். எங்கள் வீட்டு வெளிச்சம் அத்தனையும் அம்மா மாட்டியது. விமானப்படை மட்டும் மாமாவுடையது.

பிழைப்புக்கு மாமா பல் செய்கிறார். டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார், மாமா பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட்டும், உடைந்த பல்லுக்கு மாட்டும் உலோகக் கேப்பும் செய்வார். இருபது வருடமாக ஊரே அவர் புண்ணியத்தில் மென்றுகொண்டிருக்கிறது. யாருக்கும் அவரைத் தெரியாது, அவருக்கும் யார் முகமும் தெரியாது. கடையில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் என் காதில் கிசுகிசுப்பார்: “கீழ் வரிசை நம்ம வேலை.”

ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லுக்கு ஓய்வு, பிளாஸ்டிக்குக்கு வேலை. அன்று சாப்பாட்டு மேசை விமானத் தொழிற்சாலையாகிவிடும், நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுவோம். கடையில் வாங்கிய பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டத்தில் காய்போலத் தொங்கும் துண்டுகளை ஒவ்வொன்றாக நறுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, பட்டி பூசி, மறுபடி தேய்த்து, வண்ணம் அடிப்பார். அரிசி அளவு ஸ்டிக்கரைத் தண்ணீரில் ஊறப்போட்டு இடுக்கியால் எடுப்பார். அந்தத் தண்ணீர் எப்போதும் என் டம்ளரில்தான் இருக்கும். அதற்குப் பழிவாங்க ஒருமுறை அவருடைய குண்டுவீச்சு விமானத்துக்குள் ஒரு செத்த எறும்பை உட்கார வைத்தேன். மாமா பூதக்கண்ணாடியில் பார்த்தார். கோபப்படவில்லை. “பெல்ட் போடல பாரு” என்றார்.

அவருடைய முப்பத்தொன்றும் பழைய போர் விமானங்கள். பெரிய விசிறி, வாலுக்கடியில் குட்டிச் சக்கரம். தரையில் வைத்தால் வால் தாழ்ந்து, மூக்கு நிமிர்ந்து, திமிராக நிற்கும். பெட்டியோடு வரும் விளக்கத் தாளை மாமா பிரித்தே பார்ப்பதில்லை. “தாளப் பாத்து ஒட்றவன் கத்துக்குட்டி” என்பார். இந்த வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அவருக்கே திருப்பிக் கொடுக்கலாம்.

அத்தை, அதாவது மாமாவின் மனைவி, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய் இரண்டு வருடமாகிறது. அவளுக்கு லீவு கிடையாது, மாமாவுக்குத் தைரியம் கிடையாது. அத்தை முதல் டிக்கெட் அனுப்பியபோது மாமாவுக்கு வயிற்றுவலி வந்தது. இரண்டாவதற்கு விமான நிலைய வாசல்வரை போனவர், வீட்டில் கேஸ் அடுப்பை அணைக்கவில்லை என்று ஞாபகம் வந்து திரும்பிவிட்டார். அப்போது அந்த அடுப்பின் முன்னால் அம்மா நின்று சமைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது டிக்கெட்டை அனுப்பிவிட்டு அத்தை வீடியோவில் வந்தாள்.

“இதான் கடைசி. நீங்க வரலன்னா சண்டை போட மாட்டேன். கூப்பிடவும் மாட்டேன். அவ்ளோதான்.”

திரை அணைந்த பிறகும் மாமா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவ கத்தவே இல்லக்கா.”

“கத்தறதுக்கு அவகிட்ட தெம்பு இருக்க வேணாமா? போய்ச் சேருடா.”

மாமா போனார், கடைக்கு. அத்தை டிக்கெட் போட்டிருந்த அதே ரகப் பயணி விமானத்தின் மாடல் கிட் ஒன்றை வாங்கி வந்தார்.

“ஏறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு தெரியணும்ல?” என்றார்.

“உள்ள ஒண்ணும் இல்ல மாமா. காத்துதான்.”

“நீ சும்மா இருடி” என்றாள் அம்மா. “அவனே இப்பத்தான் கெளம்புறான்.”

ஆறு ஞாயிறு ஓடின. இறக்கையை ஒட்டிய நாளில், “இதுவா ஆடும்? கெட்டியா இருக்கு” என்று தட்டிப் பார்த்தார். ஜன்னல் வரிசையை ஒட்டிய நாளில் ஒரு ஜன்னலில் விரலை வைத்து, “இங்க உக்காந்தா இறக்கை மறைச்சுக்கும், கீழ தெரியாது” என்றார். பெட்டியில் நாலு சட்டை மடித்து வைத்தார். அத்தைக்குப் பிடித்த சோப்புகூட வாங்கினார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. நான் அவ்வளவு சுலபமாக எதையும் நம்புகிறவள் இல்லை.

பயணத்துக்கு நாலு நாள் முன்பு சக்கரங்களை மாட்டினார். இந்த விமானத்துக்கு வாலில் சக்கரம் கிடையாது. மூக்கடியில் ஒன்று, வயிற்றுக்கடியில் இரண்டு. மேசையைத் துடைத்து, நடுவில் வைத்து, சபைக்குப் பெண்ணை அழைத்து வந்தவர் மாதிரி கையை எடுத்தார்.

விமானம் ஒரு நொடி நின்றது. பிறகு மூக்கு மெல்ல எழும்பியது. வால் மேசையில் டொக்கென்று இடித்தது. பிஸ்கட் கேட்கும் நாய்க்குட்டி மாதிரி குந்தி உட்கார்ந்து கூரையைப் பார்த்தது.

நான் சிரித்தேன். அப்படியொரு காட்சிக்குச் சிரிக்காமல் இருந்தால் சாமி கண்ணைக் குத்தும். மாமா மூக்கை அழுத்தினார், இறங்கியது. விட்டார், எழும்பியது. இன்னொரு தடவை. டொக்.

“நான் போகலக்கா.”

“எங்க?”

“எங்கயும். முப்பத்தொண்ணு செஞ்சேன், ஒண்ணாவது இப்படிக் குந்துச்சா? நான் ஏறப்போறது மட்டும் குந்துது.”

“டேய், அது பொம்மைடா!”

“பொம்மைன்னு சொல்லாத. மாடல்.”

“சரி, மாடல். நெசமானத நீ செய்யலடா. அந்த ஒரு நிம்மதியிலதான் ஜனங்க ஏறுறாங்க.”

இது அம்மாவின் வாழ்நாளிலேயே சிறந்த ஜோக். மாமாவுக்கு ஏறவில்லை. அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் பீரோவில் ஹேங்கர் மாட்டும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பெட்டிக்குள் போன நாலு சட்டையும் திரும்பி வந்துவிட்டன.

நாலாவது சத்தத்துக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மாடல் கிட் வந்த காலிப் பெட்டியைக் குப்பையில் போடலாம் என்று எடுத்தபோது விளக்கத் தாள் கிடைத்தது. பத்தாவதில் கணக்கைக் கோட்டை விட்ட எனக்கே அது புரிந்தது, அவ்வளவும் படம்தான். நாலாம் படத்தில் விமானத்தின் மூக்குக்குள் ஓர் எடைக்கல், பக்கத்தில் பதினைந்து கிராம் என்று போட்டிருந்தது. அதை மாமாவின் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

“தாளப் பாக்கறவங்க கத்துக்குட்டியாமே மாமா?”

வாங்கிப் பார்த்தார்.

“மூக்குல பாரம் வைக்கணுமா?” என்றார், யாரோ செத்த சேதியைக் கேட்டவர் மாதிரி. “வால்ல சக்கரம் இருந்தா வேணாம். இதுக்கு வேணும். மறந்துட்டேனே.”

“எங்க மறந்தீங்க? பாக்கவே இல்ல. இப்ப வைங்க.”

“மூடி ஒட்டியாச்சு. பாரத்துக்கு வேற எங்க போறது?”

“உங்க பட்டறைல இல்லாததா? யாரு பல்லையாவது புடுங்கிப் போடுங்க.”

கிண்டலுக்குத்தான் சொன்னேன். ஆனால் மாமா, பொருந்தாத பல் செட்டைப் பார்ப்பதுபோல் என்னையே பார்த்தார். மறுநாள் சாயங்காலம் ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். குலுக்கினால் கலகலவென்றது. வாயில் சரியாக உட்காராமல் டாக்டர் திருப்பி அனுப்பிய உலோகக் கேப்புகள், எல்லாம் கடைவாய்ப் பல். “இது உயரம் ஜாஸ்தின்னு வந்துச்சு. இது நாக்கக் கிழிக்குதுன்னு வந்துச்சு” என்று மேசையில் வரிசையாக அடுக்கினார். இருபது வருடத்துத் தோல்விகளைப் பத்திரமாக வைத்திருக்கிற மனிதர்.

விமானி அறைக் கண்ணாடியை வெள்ளைப் பசையால்தான் ஒட்டியிருந்தார். வீரியமான பசை பட்டால் கண்ணாடி பனி மூடியதுபோல் மங்கிவிடுமாம். அதனால் நகத்தால் நெம்பியதும் கழன்றது. அந்த ஓட்டை வழியாகக் கேப்புகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். ஏழு போட்டும் குந்தியது. ஒன்பதில் ஊஞ்சலாடியது. பதினொன்றாவது உள்ளே போனதும் மூக்குச் சக்கரம் மேசையைத் தொட்டது. எழும்பவில்லை.

அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். “யார் யார் எச்சிலோ” என்றாள். ஆனால் குனிந்து மேசையை லேசாக ஆட்டிப் பார்த்தவளும் அவள்தான். நின்றது.

பல் செட்டுக்கு ஈறு வடிவம் பிடிக்கும் ரோஸ் மெழுகை இளக்கி, கேப்புகளை அதில் பதித்து, கண்ணாடியை மறுபடி ஒட்டினார். போகிறேன் என்றோ போகவில்லை என்றோ சொல்லவில்லை. ஆனால் படுக்கப் போகுமுன் ஹேங்கர் சத்தம் கேட்டது. நாலு. நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது யாருக்கும் தெரியாது.

விமான நிலையத்தில் அம்மாவும் நானும் தடுப்புக் கம்பிவரை போனோம். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் மாமா, “முன்னாடி சீட் கெடைக்குமாம்மா?” என்றார்.

“கால் நீட்டவா சார்?”

“இல்ல, பாரத்துக்கு. எல்லாரும் பின்னாடியே உக்காந்துட்டா மூக்கு தூக்கிக்கும்.”

அந்தப் பெண் மாமாவைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள்.

“ஏதாவது ஒண்ணு முன்னாடி குடுத்துரும்மா” என்று அம்மா கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினாள். “புண்ணியமாப் போகும்.”

சீட்டு வாங்கிக்கொண்டு, அத்தைக்குக் காட்ட விமானத்தை ஓர் அட்டைப்பெட்டியில் ஏந்தியபடி உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். கையில் அதே பெட்டி.

அம்மாவின் முகம் சுண்டியது. “வந்துட்டான் பாரு. இப்ப எந்த அடுப்பு?” என்று முணுமுணுத்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மாமா கம்பிக்கருகே வந்தார். முகமெல்லாம் வியர்வை.

“மெஷின்ல வெச்சுப் பாத்தாங்க. மூக்குக்குள்ள என்னன்னு கேட்டாங்க. கடைவாய்ப் பல்லுன்னேன். யார் பல்லுன்னு கேட்டாங்க. பதினோரு பேரோடதுன்னேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “இதோட உள்ள விட மாட்டாங்களாம். ஒண்ணு இதக் குடுத்துட்டு வரணும், இல்லன்னா நானும் இதோட வீட்டுக்குப் போகலாமாம்.”

அந்தச் சோதனை அதிகாரி வாழ்க. மாமாவுக்கு அதைவிட நல்ல சாக்கை யாரும் பெட்டியில் வைத்துக் கொடுத்திருக்க முடியாது.

மாமா பெட்டியைக் கம்பிக்கு மேலாக என் கையில் வைத்தார்.

“வெயில்ல வைக்காத. மெழுகு எளகிடும்.”

அவ்வளவுதான். திரும்பி நடந்தார். ஏணியின் மூன்றாம் படியில் நிற்கிறவர் மாதிரி ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே போனார். ஆனால் போனார். “எனக்குக் கண்ணுல தூசி” என்று நான் சொல்வதற்கு முன்னால் அம்மா சொல்லிவிட்டாள்.

மறுநாள் வீடியோவில் அத்தை முகமும் மாமா முகமும் சேர்ந்து தெரிந்தன. “மூணாவது வரிசை” என்றார் மாமா. “மூக்கு ஆடவே இல்ல.”

“வழி பூரா கண்ணத் தெறந்தாரான்னு கேளு” என்றாள் அத்தை. இந்தத் தடவை நன்றாகக் கத்தினாள்.

சாப்பாட்டு மேசை இப்போது எங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. முப்பத்திரண்டாவது விமானம் இன்னும் அதன் நடுவில் நிற்கிறது. அலமாரியில் எடுத்து வைக்கலாம் என்றேன்.

“அது பாட்டுக்கு இருக்கட்டும், உனக்கென்ன வலிக்குது?” என்றாள் அம்மா, குழம்புப் பாத்திரத்தை அதன் இறக்கைக்கு இடிக்காமல் தள்ளி வைத்தபடி.