எந்தப் படலையில் ஒட்டுவது

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே சில வருடங்கள் போய்விட்டன. எழுதினால் மறந்தவர்களுக்கும் ஞாபகம் வந்துவிடும் என்று மனைவி தடுத்தாள். நானும் பத்தாம் வகுப்போடு தோட்டத்துக்கு இறங்கியவன், எழுதிப் பழக்கமில்லை. ஆனால் இதே குழியில் இன்னொரு குடும்பம் விழக்கூடாது என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மகள்தான், "எழுதுங்கோ அப்பா, ஒருத்தற்றை பேரையும் போடாதேங்கோ" என்றாள். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

எங்கள் வீடு புத்தூரில். மகள் கோப்பாயில் ஒரு ரியூட்டரியில் கணிதம் படிப்பித்தாள். அவளுக்குக் கலியாணம் பேசி, தாலிக்குப் பொன்னுருக்க நாள் பார்த்திருந்த நேரம். யாரோ அவளுடைய பெயரில் இணையத்தில் ஒரு பொய்க் கணக்கைத் திறந்து, அவளுடைய படத்தையும் போட்டு, அவளே எழுதுவதுபோல எழுதத் தொடங்கினார்கள். என்ன எழுதியிருந்தது என்பதை ஒரு தகப்பன் திருப்பிச் சொல்லமாட்டான்.

மாப்பிள்ளையின் தகப்பனார் வீட்டுக்கு வந்தார். "உங்கடை பிள்ளை எழுதேல்லை எண்டு நாங்கள் நம்புறம். சனம் நம்போணுமே" என்றார். போகும்போது என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஏசியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

மகள் அழவில்லை. "கலியாணம் போனால் போகட்டும் அப்பா. செய்தது ஆரெண்டு எனக்குத் தெரியோணும். தெரியாமல் நான் எப்பிடி வெளிக்கிடுறது? பஸ்ஸிலை எனக்குப் பக்கத்திலை இருக்கிற ஆளாயும் இருக்கலாம்" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

மானநட்ட வழக்குப் போடலாம் என்று ஒரு சட்டத்தரணியிடம் போனோம்.

"போடலாம் அண்ணை. எதிராளி எண்டு ஆற்றை பேரைப் போடுறது?" என்று கேட்டார் அவர். "கணக்கை ஆர் திறந்தது, எந்த நம்பரிலை, எங்கையிருந்து, உதெல்லாம் அந்தக் கொம்பனிக்குத்தான் தெரியும்."

"அப்ப அவையைக் கேப்பம் சேர்."

அவர் சிரித்தார். "பக்கத்து வீட்டுக்காரனெண்டால் கோட்டிலையிருந்து பிஸ்கால் உத்தியோகத்தர் போய்க் கட்டளையைக் குடுப்பார். ஆள் ஒளிச்சால் வாசல் படலையிலை ஒட்டிப்போட்டு வருவார். இவங்களுக்கு எந்தப் படலையிலை ஒட்டுறது? இஞ்சை அவங்களுக்கு ஒரு கிளைக் கந்தோரும் இல்லை."

என்றாலும் அந்தக் கொம்பனிக்கு எழுதினார். பதில் வந்தது. சிவில் வழக்கென்றால் கடிதத்துக்கு விபரம் தரமாட்டார்களாம். தங்கள் நாட்டு நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும். அதை அங்கேயுள்ள தங்கள் பிரதிநிதியிடம் முறைப்படி சேர்ப்பிக்க வேண்டும். அப்போதும் கணக்கைத் திறந்தவருடைய அடிப்படை விபரம் மட்டும்தான். அதைத் தருவதற்கு முன்னர் அந்தக் கணக்குக்காரருக்கு அறிவிப்பார்களாம்.

"கள்ளனுக்குச் சொல்லிப்போட்டுத்தான் தேடுவினமோ?" என்றேன்.

"ஓம் அண்ணை. அவைக்கு அவன் வாடிக்கைக்காரன்."

அந்த நாட்டில் ஒரு சட்டத்தரணியைப் பிடிக்கும் அலுவல் இழுபட்டது. அதற்குள் அந்தப் பக்கத்தில் நாளாந்தம் புதிது புதிதாக எழுதினார்கள். மனைவி சாப்பாட்டை விட்டுவிட்டு, அது அழிந்தால் தேங்காய் அடிப்பதாகப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தாள். அப்போதுதான் கனடாவிலிருந்து அவளுடைய தம்பி கதைத்தான்.

"அத்தான், நீங்கள் ஏன் கோடு, வழக்கு எண்டு திரியிறியள்? எங்கடை சனம் எல்லாமாச் சேர்ந்து கொம்பனிக்கு முறைப்பாடு அடிச்சால் அந்தக் கணக்கைத் தூக்கிப்போடுவாங்கள்."

செத்தவீடு, கலியாணவீடு சொல்வதற்கென்று எங்கள் சொந்தக்காரர் எல்லோருக்கும் தொலைபேசியில் ஒரு குழு இருக்கிறது. அதில் அவன் சொன்னான். நாங்களும் சம்மதித்தோம். கனடா, லண்டன், சுவிஸ், அவுஸ்திரேலியா என்று எல்லோரும் முறைப்பாட்டுப் பொத்தானை அமத்தினார்கள். கண் தெரியாத ஒரு பெரியம்மா பேத்தியின் கையைப் பிடித்து அமத்துவித்தாவாம். கணக்கு மறைந்தது. மனைவி தேங்காய் அடித்தாள். குழு முழுக்கக் கும்பிடும் கைகளின் படம்.

இந்த நல்ல சேதியைச் சொல்லத்தான் சட்டத்தரணியிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஆற்றை வேலை உது?"

"எங்கடை சனம்தான் சேர்."

"கணக்கை மூடினால் விபரத்தை அவங்கள் கனகாலம் வைச்சிருக்கமாட்டாங்கள் அண்ணை. எங்கடை கட்டளை போய்ச் சேரேக்கை அங்கை என்ன மிஞ்சிக் கிடக்குமோ, எனக்குத் தெரியாது."

அதன் பிறகும் விடவில்லை. அந்த நாட்டு நீதிமன்றத்தில் கட்டளை எடுத்து, பிரதிநிதியிடம் சேர்ப்பித்தோம். பதில் இரண்டு மூன்று வரிதான். அந்தக் கணக்கு நீக்கப்பட்டுவிட்டது. அதைப் பற்றிய விபரம் எதுவும் இப்போது தங்களிடம் இல்லை.

மகள் அதை வாசித்துவிட்டு, தான் சேமித்து வைத்திருந்த அந்தப் பொய்ப் பக்கத்தின் பிரதியைக் கனநேரம் பார்த்தாள்.

"அப்பா, இந்தப் படம் சித்தப்பா வீட்டுக் கொண்டாட்டத்திலை எடுத்தது. நான் ஒரு இடமும் போடேல்லை. எங்கடை குறூப்பிலை மட்டும்தான் கிடந்தது."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவளே சொன்னாள்: "முறைப்பாடு அடிச்ச ஆக்களுக்குள்ளைதான் உதைச் செய்தவரும் நிண்டிருக்கிறார்."

"வாயைப் பொத்து பிள்ளை" என்றாள் மனைவி. "எங்கடை சனம் அப்பிடிச் செய்யாது." சொல்லிவிட்டுச் சுவாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மைத்துனனிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "அது முடிஞ்ச அலுவல் அத்தான். கிண்டாதேங்கோ, குடும்பம் உடைஞ்சுபோம்" என்றான். அன்பில்தான் சொல்லியிருப்பான். இல்லாமலும் இருக்கலாம். இப்படி நினைப்பதே பாவம் என்று தெரிந்தும் நினைக்கிறேன்.

எதிராளி இல்லாத வழக்கு வழக்காகவே இல்லை. மகள் இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள். திருவிழாவுக்கு வருவதில்லை, கலியாணப் பேச்சையும் எடுக்க விடுவதில்லை. கொடியேற்றத்துக்கு வெளிநாட்டிலிருந்து சொந்தங்கள் வருகின்றன. என் தோளில் கை போட்டு, "பிள்ளை எப்பிடி இருக்கிறாள்?" என்று விசாரிக்கிறார்கள். நான் ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்க்கிறேன். அவனுக்குத் தண்டனை கொடு என்று நான் பிள்ளையாரிடம் கேட்கவில்லை. ஆரெண்டு காட்டிவிடு என்றுதான் கேட்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களே, உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் கணக்கை அழிக்க ஓடாதீர்கள். முதலில் பிரதி எடுத்து வையுங்கள். விபரத்தை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லிச் சட்டத்தரணி மூலம் அந்த நிறுவனத்தைக் கேளுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இதைத் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். ஆனால் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அனுப்புங்கள். என் பிள்ளையைப் பற்றி முதலில் வந்தது சில வரிதான். கை மாற மாற அது வளர்ந்தது. யாராக இருக்கும் என்று ஊகித்து இதில் ஒரு பெயரைச் சேர்த்துவிடாதீர்கள். அது எங்களுக்கே தெரியாது.