ஞாயிறு ராகுகாலமும் ஒரு பானை பியரும்

புலம்பெயர்ந்து வந்த அஜக்ஸ் நகரில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட் அடுப்பில் நான் பியர் காய்ச்சத் தொடங்கியபோது மனைவிக்கு இரண்டு மனக்குறைகள். ஒன்று மணம், மற்றது பானை. விருந்துகளுக்குச் சோறு காய்ச்சவென்று அவள் பார்த்துப் பார்த்து வாங்கிய பெரிய எவர்சில்வர் பானை அது. அதில்தான் நான் முளைகட்டிய பார்லியை ஊறவைத்து, வடித்து, கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன்.

பியராவது நன்றாக வந்திருந்தால் பரவாயில்லை. முதல் இரண்டு முறையும் வாயில் வைக்க முடியாத சாமான். மிசிசாகாவிலிருந்து வந்த சிநேகிதன் ஒரு வாய் குடித்துவிட்டு, "மச்சான், உது கோப்பை கழுவிற சோப் மாதிரிக் கிடக்கு" என்றான். அவன் போனதும் மனைவி தீர்ப்புச் சொன்னாள்.

"அடுத்தமுறையும் பிழைச்சுதெண்டால் பானை கோயிலுக்குப் போகுது. அன்னதானத்துக்காவது உதவட்டும்."

சொன்னால் செய்கிறவள். வாரம் முழுக்கக் கணினிக்கு முன்னால் குந்தியிருப்பவனுக்குக் கையால் கிளறி, மூக்கால் பதம் பார்த்துச் செய்யக் கிடைத்த வேலை அது ஒன்றுதான். அதை விட எனக்கு மனமில்லை.

பழியை ஹொப்ஸ் மீது போட்டேன். பியருக்குக் கசப்பையும் மணத்தையும் கொடுக்கிற பூ அது. காயவைத்து, அரைத்து, குளிசைகளாக அழுத்தி விற்பார்கள். அதுவரை வாங்கியவை அமெரிக்க வகைகள். தோடம்பழத் தோல் வாசம் மூக்கைத் துளைக்கும். இந்தமுறை பேல் ஏல் என்கிற வெளிர்நிற பியருக்கென்றே இங்கிலாந்தின் பழைய வகையான கோல்டிங்ஸ் வாங்கினேன். பையை வெட்டியதும் தேயிலையும் தேனும் கலந்தாற்போல ஓர் அடக்கமான மணம். கொதித்து முடிகிற நேரம் கடைசிப் பிடியைத் தாளிதம் போல மேலே தூவினேன். கறி தாளிக்கத் தெரிந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற எண்ணம் வேறு.

அது மார்ச் மாதத்து ஞாயிறு பின்னேரம். பானையைத் தூக்கிப்போய்ப் பின்வளவுப் பனிக்குள் புதைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெளிப்புறம் தொட்டால் ஜில்லென்றிருந்தது. உள்ளே கொண்டுவந்து, சாற்றைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட் பைக்கற்றைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து மனைவி படியிறங்கி வந்தாள்.

"இஞ்சேருங்கோ, என்ன செய்யிறியள்? இப்ப ராகுகாலமெல்லே!"

"பியருக்கும் ராகுகாலமோ?"

"எதையெண்டாலும் தொடங்கிறதுக்கு நேரம் பாக்க வேணும். ஏற்கெனவே ரெண்டுதரம் பிழைச்சது காணாதே? ஆறு மணிக்குப் பிறகு போடுங்கோ."

பைக்கற்றைப் பறித்துக்கொண்டு மேலே போய்விட்டாள். பலசரக்குக் கடை கொடுத்த தமிழ்க் கலண்டரோடு யார் வாதாடுவது? எரிச்சலோடு பானைக்குப் பக்கத்தில் இருந்தேன். வேறு வேலையில்லாமல் மூடியைத் திறந்தேன். குப்பென்று ஆவி அடித்து மூக்குக்கண்ணாடி மூடிப்போனது. வெளியில்தான் குளிர், உள்ளே இன்னும் நல்ல சூடு. முந்திய இரண்டு முறையும் இப்படிச் சூடு ஆறுமுன் போட்டு ஈஸ்டை உயிரோடு அவித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. அமெரிக்க ஹொப்ஸ் பாவம், அதன்மேல் ஒரு பிழையுமில்லை.

பானையை மறுபடி பனிக்குள் இறக்கி, கரண்டியைக் கழுவிக் கிளறிக் கிளறி ஆறவைத்து, மூடியுள்ள வாளியொன்றில் ஊற்றி வைத்தேன். ஆறு மணி கழிந்ததும் மனைவியே பைக்கற்றோடு இறங்கி வந்தாள். "ம், இப்ப போடுங்கோ" என்று பக்கத்தில் நின்று பார்த்தாள். அடுத்தநாள் காலை வாளிக்குள் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

சில வாரங்கள் கழித்து அதே சிநேகிதன் வந்தான். கிளாசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு வாய் குடித்து, இன்னொரு வாயும் குடித்தான்.

"சும்மா கதை விடாதை மச்சான். கடையில வாங்கிப் போத்தலை மாத்தி வைச்சிருக்கிறாய், என்ன?"

நான் பதில் சொல்ல முன், பொரித்த ரோல்ஸ் தட்டோடு வந்த மனைவி முந்திக்கொண்டாள்.

"கடையிலயோ அண்ணை? நாங்கள் ரெண்டுபேரும் நிண்டு காய்ச்சினது! பானை கீழதான் கிடக்கு. இனியும் அங்கதான் கிடக்கும்."

நான் சந்தோஷத்தில் இரண்டு ரோல்ஸை ஒரேயடியாக எடுத்துக்கொண்டேன்.