வெள்ளிக்கிழமை வாங்கிய பதில்

எங்கள் மத்தியான ஆட்டப் பாட்டை நிறுத்தியது நீங்கள்தான். ஊர் ஜனங்கள் வேண்டாம் என்றார்கள், அதனால் நிறுத்தினோம் என்று நீங்கள் இன்றுவரை சொல்லிவருவது உண்மை இல்லை. இந்த வட்டாரத்து ரேடியோ நிலையத்துக்குப் பொறுப்பாளர் நீங்கள். பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

நான் பென்னாகரம் ரோட்டில் ஒரு புளிக் கொட்டாயில் வேலை செய்கிறேன். தகரக் கூரை. மாசி, பங்குனியில் புளி வந்து குவியும். வரிசையாக உட்கார்ந்து, கட்டையால் ஒரு தட்டு, விரலால் ஒரு நோண்டு, கொட்டை வெளியே வரும். காலையில் பேச்சிலேயே வேலை ஓடிவிடும். சோறு தின்ற பிறகுதான் கஷ்டம். தகரம் காயும், கண் சொக்கும், கட்டை தவறி விரல் மேல் விழும். அந்த நேரம் பார்த்து, இரண்டு மணிக்கு, உங்கள் ரேடியோவில் ஆட்டப் பாட்டு வரும். கல்யாண ஊர்வலத்திலும் மாரியம்மன் பண்டிகையிலும் பசங்கள் ஆடுகிற பாட்டுதான். முதல் அடி விழுந்ததும் கொட்டாய் முழுக்கக் கட்டைகள் ஒன்றாக விழும். யாரும் எழுந்து ஆடியதில்லை. கைதான் ஆடும்.

அந்தப் பாட்டுகளைப் போட்டவள் எங்களில் ஒருத்தி. காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து புளி தட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உங்கள் நிலையத்துக்கு நடப்பாள். சம்பளம் இல்லை. ஆனால் ரேடியோவில் பேசுகிறவள் என்று ஊரில் ஒரு மரியாதை வந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் அப்பா மாப்பிள்ளை தேடுவதைத் தள்ளிப் போட்டார். அந்த ஒரு மணி நேரம் இருக்கும்வரை அவளை யாரும் கட்டிக் கொடுக்க மாட்டார்கள் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஒருநாள் யாரோ கேட்டார்கள் என்று வேகப் பாட்டாகவே தொடர்ந்து போட்டுவிட்டாள். நான் கட்டை விரலை நசுக்கிக்கொண்டேன். மறுநாள் என் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்து அவளுக்கு ஒரே சிரிப்பு.

"ஏங்க்கா, கையில ஆடச் சொன்னா வெரலயா ஒடைப்பீங்க?"

"நீ வெரட்டுன வெரட்டுக்குக் கை மிஞ்சுனதே பெருசுடி."

அன்று முதல் இரண்டு வேகப் பாட்டுக்கு நடுவே ஒரு நிதானப் பாட்டு வந்தது.

கொட்டாயில் பாதிப் பேர் என்னைப் போலக் கத்தோலிக்கக் குடும்பம். தவக்காலம் வந்தால் எங்கள் வீடுகளில் பாட்டுப் போட மாட்டோம், கல்யாணம் வைக்க மாட்டோம். ஆனால் புளியும் அதே நாட்களில்தான் வருகிறது. கொட்டாயில் ஓடுவது முதலாளியின் ரேடியோ. வீட்டுக்கு நோன்பு உண்டு, கொட்டாய்க்குக் கிடையாது. இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. பங்குச் சாமியாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. அப்படியே நடந்துகொண்டிருந்தது.

நீங்கள் மக்கள் கருத்துக் கேட்க ஆள் அனுப்பினீர்கள். எங்கே? எங்கள் பங்குக் கோயில் வாசலுக்கு. எப்போது? தவக்கால வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து, முழங்கால் வலியோடு நாங்கள் கஞ்சிக்கு நிற்கும்போது. அங்கே மைக்கை நீட்டி ஆட்டப் பாட்டு வேண்டுமா என்றால் யார் வேண்டும் என்பார்கள்? முதலில் வாயைத் திறந்தது என் மாமியார்.

"அய்யோ, வேணாங்க. நல்லதா நாலு வார்த்த பேசுங்க, போதும்."

பின்னால் நின்றவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். மைக் என்னிடம் வரவில்லை. வந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பக்கத்தில் மாமியார், எதிரே சாமியார்.

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு யாரோ ஒருவர் பல் விளக்குவதைப் பற்றிப் பேசினார். எங்களோடு புளி தட்டிக்கொண்டிருந்த என் மாமியாரே தலையைத் தூக்கினார்.

"பாட்டு எங்கடி? எவ ஸ்டேஷன மாத்துனது?"

கொட்டாயே சிரித்தது. தவக்காலம் முடிந்தால் வந்துவிடும் என்று நினைத்தோம். ஈஸ்டர் முடிந்தும் வரவில்லை. அவள் உங்களிடம் வந்து கேட்டாள். நீங்கள் கோயில் வாசலில் பிடித்த பதிவைப் போட்டுக் காட்டினீர்கள்.

"'உங்க ஜனங்களே வேணாங்கறாங்களேம்மா'ங்கறாருக்கா. மொதக் கொரலே உங்க மாமியா கொரலுதான்."

மறுநாள் கொட்டாயில் இதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. என் மாமியார் கட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

அதன் பிறகு பல்லைப் பற்றியும் சொட்டு நீர்ப் பாசனத்தைப் பற்றியும் எழுதிக் கொடுத்ததை அவளைப் படிக்கச் சொன்னீர்கள். அவளும் படித்தாள். முதலாளி வேறு ஸ்டேஷனுக்குத் திருப்பிவிட்டார், நாங்களும் தடுக்கவில்லை. அவள் குரல் இல்லாமலே எங்கள் மத்தியானம் ஓடியது. சீசன் முடியட்டும், எல்லாரும் சேர்ந்து நிலையத்துக்குப் போய்க் கேட்போம் என்று நாளைத் தள்ளினோம். இன்றுவரை என்னை அறுப்பது அதுதான். பாட்டும் போச்சு, இனி அங்கே என்ன வேலை என்று அவள் வீட்டில் கேட்டார்கள். அவள் அப்பா மறுபடி மாப்பிள்ளை தேடினார். நாங்கள் உங்கள் வாசலுக்கு வந்தபோது அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது.

அன்று என் மாமியார் உங்களிடம் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

"ஐயா, நீங்க வெள்ளிக்கெழம கேட்டீங்க, நான் வெள்ளிக்கெழம பதிலு சொன்னன். கொட்டாய்க்கு வந்து கேளுங்க, கொட்டாய் பதிலு சொல்றன்."

"பதிவு இருக்குங்களேம்மா."

"இருக்கட்டும். அத நீங்க வெச்சிக் கேளுங்க. எங்களுக்குப் பாட்டப் போடுங்க."

டீ கொடுத்தீர்கள். யோசிக்கிறோம் என்றீர்கள். வைகாசியில் அவளையும் மாப்பிள்ளையையும் மொரப்பூரில் ரயில் ஏற்றிவிட்டு வந்தோம்.

இந்த வருஷமும் புளி வந்துவிட்டது. ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு பாட்டு. கட்டைகள் ஒன்றாக விழுவதில்லை. போன வாரம் அவள் பேசினாள்.

"ரெண்டு மணிக்கு இப்ப யாருக்கா போடறாங்க?"

யாரும் போடுவதில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

அவளுக்கு நான் சொல்லாததை நீங்கள் சொல்லுங்கள். உங்கள் அறையில் வைத்து எனக்குச் சொல்ல வேண்டாம், டீயும் வேண்டாம். அவள் பேசிய அதே மைக்கில், அதே இரண்டு மணிக்கு, ஊர் கேட்கச் சொல்லுங்கள்: எந்தக் கிழமையில், எந்த வாசலில் நின்று அந்தப் பதிலை வாங்கினீர்கள்? தினமும் அந்தப் பாட்டைக் கேட்ட கொட்டாய்க்கு ஏன் ஒருநாளும் வரவில்லை?