தம்பிக்கு விட்டுக்கொடுக்காத ஆட்டம்

கணினி உண்டாக்கிய பன்னிரண்டு கூடைப்பந்து வீரர்களுக்கு நான் மேலாளர். அவர்களுக்கு உடல் இல்லை. ஆனால் சோர்வு உண்டு, மூப்பும் உண்டு. இணையத்தில் நடக்கும் இந்த விளையாட்டில் பந்தைத் தொடும் வேலை நமக்குக் கிடையாது. யார் களம் இறங்குவது, யார் யாரைத் தடுப்பது, எவ்வளவு மூச்சைச் செலவழிப்பது என்று முன்னதாகவே தீர்மானித்து அனுப்பிவிட வேண்டும். குறித்த நேரத்தில் ஆட்டம் தானே நடந்து முடியும். நடுவில் கைவைக்க இயலாது. விடியலில் சிவன் சந்நிதியில் நின்று பதிகம் பாடி வளர்ந்த எனக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றவில்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுக் காத்திருப்பது நான் நன்கறிந்த பழக்கம்.

என்னை இதில் இழுத்துவிட்டவன் என் தம்பி. விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மேற்பார்வையாளனாக இருக்கிறான். தீபாவளி லோடெல்லாம் போய் வேலை ஓய்ந்த நாள்களில் விருதுநகருக்கு, என் வீட்டுக்கு வந்து, ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருப்பான். அவன் அணி ஆடும் லட்சணத்தைப் பின்னால் நின்று பார்த்துக் குறை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"அம்புட்டுத் தெரிஞ்சா நீங்களே ஒரு டீம் வச்சு ஆடுங்களேன்க்கா" என்று எரிச்சலோடு ஓர் அணியைப் பதிந்து கொடுத்தான்.

அதற்கு நந்தி என்று பெயரிட்டேன். வழியை அடைத்துக்கொண்டு உட்காருவதில் அவருக்கு நிகர் யார்? வீரர்களின் அயல்நாட்டுப் பெயர்கள் நாவில் நிற்கவில்லை. ஆகவே நெட்டையன், இடக்கையன் என்று நானே அழைக்கத் தொடங்கினேன். சில சீசன்களில் நந்தி அணி கீழிருந்து ஏறி, தம்பியின் அணி ஆடும் பிரிவுக்கே வந்து சேர்ந்தது. அவன் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டான், சென்ற சீசனின் கடைசி வாரம் வரை.

அந்த வாரம் அவன் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. கடைசி ஆட்டத்தில் வென்றால் பிரிவில் நிலைக்கலாம். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். அந்தக் கடைசி ஆட்டம் என் அணியோடு. நான் நடுவில் பத்திரமாக இருந்தேன். வென்றாலும் தோற்றாலும் எனக்கு ஆவது ஒன்றுமில்லை.

தம்பி ஃபோன் செய்தான். "யக்கா, சனிக்கிழம நமக்குள்ளதான் மேட்ச்சு. பாத்துக்கிடுங்க."

"பாத்துக்கிடுறேன்."

"அதுக்கில்லக்கா. நெட்டையன உக்கார வச்சிருங்க. சும்மா பேருக்கு ஒரு டீம எறக்குங்க. ஒங்களுக்கு என்ன, மேலதான இருக்கீக."

"நீ செயிச்சுக்கோலே. யாரு வேண்டாம்னா?"

"நீங்க முழு டீம எறக்கினா நா எங்கன செயிக்க?"

அந்தக் கேள்வியில் கூச்சமே இல்லை என்பதுதான் என்னைச் சுட்டது. அவன் கேட்பான், நான் கொடுப்பேன் என்பது எங்கள் வீட்டில் யாரும் எழுதாத சட்டம். பேருந்தின் சன்னலோரம் முதல் கல்லூரிப் படிப்பு வரை அந்தச் சட்டப்படியே அவனுக்குப் போயிற்று. பதினோராம் வகுப்போடு நான் சிவகாசியில் நாள்காட்டி அச்சிடும் கம்பெனிக்குப் பிழை திருத்தப் போனேன். கொடுத்ததற்காக வருந்தவில்லை. ஆனால் அப்போதெல்லாம் கொடுக்கச் சம்மதமா என்று என்னை எவரும் கேட்டதில்லை. இப்போது அவனே என்னிடம் கேட்டிருக்கிறான். கேட்டால் மறுக்கலாம் அல்லவா? மறுத்தேன்.

மறுநாள் தம்பி மனைவி பேசினாள். "மதினி, கோயில்ல தேனாப் பாடுறீக. கூடப் பொறந்தவுகளுக்கு ஒரு மேட்ச்ச விட்டுக்குடுக்க மனசு வரலியே. ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல அவுக."

"என்ன கொழம்பு வச்சே?"

அவள் சிரிக்கவில்லை. செய்தி கோயில்வரை போயிற்று. என்னோடு பதிகம் பாடும் பெண்களில் ஒருத்தி, "ஃபோன் வெளயாட்டுக்குப் போயி இம்புட்டு வீம்பாக்கா? சாமி பாட்டுப் படிக்கிற நாமளே இப்படி இருக்கலாமா?" என்றாள்.

பக்தி என்றால் பணிவு, பணிவு என்றால் எதிராளிக்கு இடம் விடுதல் என்று இவர்கள் எங்கே கற்றார்களோ தெரியவில்லை. நான் கற்ற பாட்டுகளில் அடியார்கள் இறைவனையே வாசலில் நிறுத்தி வழக்காடுகிறார்கள். தர வேண்டியதைத் தா என்று உரிமையோடு கேட்கிறார்கள், தராதபோது ஏசுகிறார்கள். விழுந்து வணங்கிய அதே உடம்பு நிமிர்ந்தும் நிற்கிறது. இறைவனிடமே அப்படி நின்றவர்களின் சொல்லை நாளும் வாயில் வைத்திருப்பவள் தம்பிக்காகப் பொய்யாட்டம் ஆடினால் அந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை?

சனிக்கிழமை மாலை என் சிறந்த ஐவரையும் நிறுத்தினேன். முயற்சி எவ்வளவு என்று விளையாட்டு கேட்கும். மூன்று நிலைகளில் உச்சமானதைத் தேர்ந்தேன். பிறகு ஃபோனை அணைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால், நான்கு புள்ளிகளில் தோற்றிருந்தேன். ஆட்ட அறிக்கையை வரிவரியாகப் படித்தேன். நெட்டையன் ஐந்து ஃபவுல் வாங்கி மூன்றாம் பகுதியிலேயே வெளியேறியிருந்தான். இரண்டு முறை தண்ணீர் குடித்தேன்.

காலையில் தம்பியும் மனைவியும் சாத்தூர்க் காராச்சேவுப் பொட்டலத்தோடு வந்து நின்றார்கள்.

"அக்கான்னா அக்காதான்" என்றான் தம்பி. அவன் கண் கலங்கியிருந்தது. "வாயிலதான் மாட்டேன்னீக. மனசு கேக்கல பாத்தீகளா!"

"நா அப்பவே சொன்னேன்ல, மதினி தங்கம்னு" என்றாள் அவள்.

வாழ்நாளில் எந்த வசவும் அந்தப் புகழ்ச்சியைப் போல் எனக்குச் சினமூட்டியதில்லை. நான் போராடியதும் இல்லையென்றாகிவிட்டது. அவன் வென்றதும் இல்லையென்றாகிவிட்டது. இரண்டையும் ஒரு பொட்டலத்தில் சுருட்டிக் கையில் கொடுக்கிறார்கள்.

"ஏலே, ஃபோன எடு. அறிக்கையப் படி."

"எதுக்குக்கா? செயிச்சாச்சு. பெறகென்ன?"

"படிலே!"

படித்தான். என் அணியின் பக்கத்தில் சிறந்த ஐவர் பெயர்களும் இருந்தன. அவற்றின்கீழ் முயற்சி உச்சம் என்றும் இருந்தது. விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான்.

"அப்ப… நெசமாவே ஆடுனீகளா?"

"நெசமாத்தான் தோத்தேன். நெட்டையன எப்படிலே வெளியேத்துன?"

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "என் டீம்ல சின்னவன் ஒருத்தன் இருக்கான்லக்கா, வேகமா ஓடுவானே. தூரத்துல நின்னு எறியாத, பந்தோட நேரா நெட்டையன்மேல போயி மோதுன்னு வச்சேன். தடுக்கப் போனா எம்புட்டுப் பெரிய ஆளும் ஃபவுல்ல மாட்டிக்கிடுவான்ல? மூணு நாளு அதுதான் ரோசனை. சோறே எறங்கல" என்றான். அப்புறம் விடாமல் பேசிக்கொண்டே போனான். அவன் என்னிடம் எதையும் கேட்காமல் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

"அப்ப நாம எதுக்குச் சேவு வாங்கியாந்தோம்?" என்றாள் அவன் மனைவி.

"வச்சிட்டுப் போ. தோத்தவளுக்கும் பசிக்கும்" என்றேன்.

ஆனால் நான் விட்டுக்கொடுத்துவிட்டதாக அவள் ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தாள். மறுநாள் விடியலில் பாடி முடித்து வெளிவந்தபோது, வீம்பு என்று சொன்ன அதே பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேள்விப்பட்டேன்க்கா. ஒங்களுக்குப் பெரிய மனசு."

"யாரு சொன்னா? எனக்குச் சின்ன மனசுதான்" என்று கையை விடுவித்துக்கொண்டு, கொடிமரத்துக்கு அருகிலேயே நின்று ஃபோனைத் திறந்து, அறிக்கையை முதல் வரியிலிருந்து அவளுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன்.