வெனிஸைச் சுற்றிய சிவப்புப் பெட்டி

போன கிழமை என் மகள் தாரணி ஹம்பேர்க்கில் இருந்து போன் எடுத்தாள். சிநேகிதிகளோடு வெனிஸ் போகிறாளாம். அங்கே என்னென்ன பார்க்கலாம் என்று என்னைக் கேட்டாள். கேலிக்குத்தான் கேட்கிறாள் என்று விளங்கினாலும், ஒருமுறை போய்வந்த மனிதன் என்ற மரியாதையை விடாமல் விளக்கம் சொன்னேன்.

இதை வாசிக்கிற பிள்ளைகளே, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே டோஜ் அரண்மனை என்று ஒன்று உண்டு. அதன் கதவு நல்ல உயரம். மார்க் தேவாலயத்தின் வரிசை மிக நீளம். முரானோத் தீவில் கண்ணாடிப் பொருட்களின் அருங்காட்சியகம் இருக்கிறதாம், படகில் இருந்தபடி கை காட்டினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் வேறு யாரிடமாவது கேளுங்கள்.

போனை வைத்துவிட்டுக் கீழே நிலவறைக்கு, அதுதான் கெல்லருக்கு, போய்ச் சாப்பாடு கொண்டுபோகிற பழைய சிவப்புக் கூல்பொக்சைத் திறந்தேன். எத்தனை தரம் கழுவியும் வறுத்த கறித்தூளின் வாசம் அதில் இருந்து போகவில்லை.

நாங்கள் வெனிஸ் போனபோது தாரணிக்குப் பத்து வயது. ஜெர்மனியின் எசன் நகரில் இருந்து எங்கள் வான் வண்டியில் போனோம். என் மனைவியின் தமக்கையும் வந்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் பெரியக்கா. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் அந்தப் பெட்டியில் வந்தன. தாரணிக்கு ஒரே ஓர் ஆசைதான். அரண்மனையையும் பழைய சிறையையும் இணைக்கிற பெருமூச்சுப் பாலத்துக்கு உள்ளே நடக்கவேண்டும். கைதிகள் அதன் கல் யன்னலால் கடைசியாக ஒருமுறை வெளியே பார்ப்பார்களாம். பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள்.

அரண்மனை வாசலில் நின்றவர் பெட்டியைப் பார்த்து, கூடாது என்று தலையை ஆட்டினார். நான் பெட்டியோடு வெளியே நிற்கிறேன், நீங்கள் போங்கள் என்றேன். பெரியக்கா விடவில்லை.

"சாப்பிடாமல் ஒருத்தரும் ஒரு இடமும் போகேலாது. பிள்ளை மயங்கி விழுந்தால் இத்தாலிக்காரனே தூக்கிறது?"

சரியென்று சதுக்கத்துப் படியில் இருந்து மூடியைத் திறந்தோம். சீருடை போட்ட ஒரு பெண் வந்து, இங்கே இருந்து சாப்பிடக்கூடாது என்றாள். அடுத்த படியிலும் அதே கதை. பிறகு ஒரு பாலத்தடியில், ஒரு கோயில் வாசலில். வெனிஸின் சந்துகள் எனக்கு இவ்வளவு பழக்கமானது இப்படித்தான். கடைசியில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் உட்கார ஒரு வாங்கு கிடைத்தது. புட்டு அருமையாக இருந்தது. திரும்பி வந்தபோது அரண்மனை பூட்டியிருந்தது.

தண்ணீரோரம் இருந்த இன்னொரு பாலத்தில் நின்று, பெருமூச்சுப் பாலம் பின்னால் தெரிய, பெட்டியோடு படம் எடுத்தோம்.

"வெளியில நிண்டு பாத்தாலும் பாலம்தானே பிள்ளை" என்று ஆறுதல் சொன்னேன்.

"உள்ளுக்கால நடக்கத்தானே அப்பா பாலம் கட்டினவை?"

பெரியக்கா அவளுக்கு ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார்.

நேற்றுத் தாரணி ஒரு படம் அனுப்பினாள். பெருமூச்சுப் பாலத்துக்கு உள்ளே நின்று, கல் யன்னலின் ஓட்டையால் எடுத்தது. நாங்கள் அன்று நின்ற இடம் தெளிவாகத் தெரிகிறது. யார் யாரோ நிற்கிறார்கள். கீழே எழுதியிருந்தாள்: "அப்பா, உங்கள ஒருத்தரையும் காணேல்லை."

வானை எப்போதோ விற்றாயிற்று. பெரியக்கா போன மாரிகாலத்தில் காலமானார். பெட்டி மட்டும் கெல்லரில் இருக்கிறது. எல்லாம் தெரிந்தும், படத்தைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் தேடினேன்.