திருநீறு பூசிய எங்கள் பிள்ளை

இன்று பள்ளிமுனை பஸ்ஸில் எங்கள் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் மடியில், நாங்கள் வளர்க்கும் சைவச் சிறுமி. அவள் நெற்றியில் காலையில் என் மனைவி பூசிவிட்ட திருநீறு.

"மாஸ்டர், இவளுக்கு இன்னும் ஞானஸ்நானம் குடுக்கேல்லையோ? நானே ஞானத்தகப்பனா நிக்கிறன்."

போர் அகதிகள் முகாமிலிருந்து அவளைக் கூட்டிவந்த அன்று, "ஊரார் பிள்ளை உங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்டவரும் இவர்தான். நான் மறக்கவில்லை.

"இவளின்ர தாயை இன்னும் தேடுறம். செத்திட்டா எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. வந்து கேட்டால், அவ வளர்த்த மாதிரியே பிள்ளையைக் குடுக்கவேணும்," என்றேன்.

"அவ வராட்டி?"

"வராட்டியும் இவள் அவவின்ர பிள்ளைதான்."

அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞானத்தகப்பனாக நிற்க ஆசைப்படும் மற்றவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன்: வெள்ளிக்கிழமைகளில் அவளைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் தேவை. யார் வருகிறீர்கள்?